‘குடுத்தே’ என்று வேண்டியவள்

பீபிக் மேல் எனக்கு இருந்தது பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைத்து மூடி மறைக்க எனக்கு இஷ்டமில்லை. அவளுடைய சொந்தப் பெயரை அந்தத் தெருவில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மலாக்காவில் எங்கள் காஜா பேராங் பக்கம் வயதான செட்டிப் பெண்களையெல்லாம் பீபிக் என்றுதான் கூப்பிடுவார்கள், நாம் அத்தை, பெரியம்மா என்று கூப்பிடுகிற மாதிரி. மற்றவர்களுக்கு ‘கோயில் பீபிக்’, ‘முனை வீட்டு பீபிக்’ என்று ஏதாவது அடையாளம் சேர்க்க வேண்டியிருக்கும். இவளுக்கு வெறும் பீபிக் என்றாலே போதும். வயதில் என் அம்மாவுக்கும் மூத்தவளை அவள் இவள் என்று எழுதுவதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வேலிச் சண்டைக்கு ‘அவர்’ ஒத்துவராது, அவ்வளவுதான்.

மெர்டேகாவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, கொஞ்ச காலம் முன்புதான் நாங்கள் ரப்பர் தோட்டத்தைவிட்டு மலாக்கா டவுனுக்கு வந்தோம். என் வீட்டுக்காரருக்கு ரோடு போடுகிற ஆட்களை மேய்க்கிற மண்டோர் வேலை கிடைத்திருந்தது. வாடகைக்குப் பிடித்த வீடு செட்டிகள் குடியிருப்பை ஒட்டி இருந்தது. நடுவில் ஒரு செம்பருத்தி வேலி, அந்தப் பக்கம் பீபிக்.

மலாய்க்காரிகள் மாதிரி சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்தியிருப்பாள். உச்சியில் சின்னக் கொண்டை, அதில் வெள்ளி ஊசிகள். நெற்றி நிறையத் திருநீறு. பார்த்ததும் கும்பிடத் தோன்றுகிற முகம். வாயைத் திறந்தால் மலாய். நம்ம ஊர்ச் செட்டியார்கள் வேறு, இந்த மலாக்காச் செட்டிகள் பரம்பரையே அப்படி. தமிழ்நாட்டிலிருந்து எந்தக் காலத்திலோ கப்பலேறி வந்தவர்கள், மலாக்காவிலேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்துத் தமிழைத் தொலைத்துவிட்டார்கள். சாமியை மட்டும் தொலைக்கவில்லை. மாரியம்மனை நான் கும்பிடுகிறதைவிட நெருக்கமாகக் கும்பிடுவார்கள், ஆனால் மலாயில்.

தினமும் காலையில் வாசலில் இருக்கும் சாமி மாடத்துக்கு முன்னால் நின்று, கிணற்றடியில் பேசுகிற குரலில் அம்மனிடம் எல்லாவற்றையும் சொல்வாள். கூரை ஒழுகுகிறது, கோழிக்குச் சீக்கு, அக்கா மகளுக்கு மாப்பிள்ளை அமையவில்லை. கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு, அவளுக்குத் தெரிந்த தமிழில் ஒரே ஒரு வார்த்தை சொல்வாள்.

“அம்மா, குடுத்தே!”

அவ்வளவுதான். உள்ளே போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்துவிடுவாள். அந்த விஷயத்தை மறுநாள் அம்மனிடம் மறுபடி எடுக்க மாட்டாள். கூரை என்னாச்சு பீபிக் என்று நாம் கேட்டால், “சுடா சாக்காப்” என்பாள். சொல்லியாச்சு என்று அர்த்தம். சொன்னது நடந்தும் தொலைக்கும். எனக்கு அதுதான் தாங்காது.

தாங்காததற்குக் காரணம் இருந்தது. எனக்கு ஒரே மகள். அவளுக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கும். பூனை நடக்கிற சத்தத்துக்குக்கூடத் திரும்பிப் பார்ப்பாள். நாக்கில் ஒரு குறையும் இல்லை, தானாகப் பேசும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பேசவில்லை. வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவினேன். வெள்ளியில் சின்னதாக நாக்கு செய்து அம்மன் உண்டியலில் போட்டேன். வெள்ளிக்கிழமை விரதம் ஒன்றைக்கூட விட்டதில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காலையிலும் மாலையிலும் பதிகம் பாடினேன், ஓர் எழுத்துப் பிசகாமல். தோட்டத்துக் கோயிலில் என் அப்பா பாடினால் ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணிகூட நின்று கேட்டுவிட்டுப் போவார். நான் அவர் மகள். தமிழ்ப்பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனபோது பெரிய வாத்தியார் பிள்ளையின் தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மொதல்ல வாயத் தொறக்கட்டும்மா, அப்புறம் கூட்டிட்டு வா” என்று திருப்பி அனுப்பினார். அந்த வருஷம் போய் அடுத்த வருஷமும் வாயைத் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

இப்படி நான் கெஞ்சிக்கொண்டிருக்க, வேலிக்கு அந்தப் பக்கம் தமிழே தெரியாத ஒருத்தி போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தால் வயிறு எரியுமா, எரியாதா?

ஆட்டுக் கதையைச் சொல்கிறேன். அவள் ஒரு வெள்ளாடு வளர்த்தாள். ஒருநாள் அது காணாமல் போய்விட்டது. காட்டுக்குள் கம்யூனிஸ்ட்டு ஆட்கள் துப்பாக்கியோடு பசித்துக் கிடந்த காலம் அது. ரோட்டில் சோதனை, ஊரடங்கு. நாட்டு நிலைமை அப்படி இருக்கும்போது, கட்டு அவிழ்ந்துபோன ஆடு யார் வீட்டுச் சட்டியில் வெந்ததோ என்றுதான் தெருவே பேசிக்கொண்டது. பீபிக் அம்மனிடம் சொன்னாள். அன்று சாயந்தரமே பலாத்தழை ஒடித்து வந்து ஆடு இல்லாத கம்பத்தில் கட்டினாள். தழை வாடினால் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுவாள். தினமும் இதே வேலை. எனக்குப் பொறுக்கவில்லை.

“ஆடுதான் இல்லையே பீபிக், தழை எதுக்கு?”

“வர்றப்ப பசியோட வருமே லா,” என்றாள். அவள் சொன்னது மலாயில். அவள் பேச்சையெல்லாம் என் காதில் விழுந்த மாதிரி தமிழில்தான் தருகிறேன், வால் மாதிரி அவள் ஒட்டுகிற அந்த ‘லா’வைத் தவிர.

எத்தனை நாள் கழித்தென்று நினைவில்லை, செமாபோக் கிராமத்திலிருந்து ஒரு மலாய்க்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பின்னால் கயிற்றில் அந்த ஆட்டை நடத்திக்கொண்டு வந்தார். அவர் வெற்றிலைக் கொடியைத் தின்றதாம். கட்டிப்போட்டுத் தீனி போட்டு, யாருடையதென்று விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். போனதைவிடக் கொழுத்திருந்தது. பீபிக் ஆச்சரியப்படவே இல்லை. கம்பத்தில் கட்டினாள், அது தழையைத் தின்றது. அவருக்கு ஒரு தட்டு நிறையப் பலகாரம் கொடுத்து அனுப்பினாள்.

அதே சமயத்தில் கிணற்றடியிலிருந்து என் பித்தளைக் குடம் களவு போயிருந்தது. அம்மா சீராகக் கொடுத்த குடம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன், அழுதேன், நேர்ந்துகொண்டேன். வரவில்லை. “ஆட்டுக்குக் காலு இருக்கு, நடந்து வந்துருச்சு. கொடம் எப்புடி வரும்?” என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். அன்று அவருக்குக் கோப்பி கலக்கிக் கொடுக்கவில்லை.

அவள் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதைக் கண்டுபிடித்தவளே நான்தான். அவளுக்கு வலது முட்டியில் வலி. குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பாடாய்ப் படுவாள். நாங்கள் குடிவருவதற்கு முன்பிருந்தே அப்படித்தானாம். ஒருநாள் வசமாகக் கேட்டேன்.

“முட்டி வலிய அம்மன்கிட்ட சொல்லலையா?”

“சுடா சாக்காப்.”

“அப்ப ஏன் போகல?”

அவள் தன் முட்டியைக் குனிந்து பார்த்தாள். “அம்மன் சொல்லிட்டா. இதுக்குத்தான் இன்னும் காது கேக்கல,” என்று அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினாள்.

நாட்டு விஷயமும் அவளுக்கு முட்டி விஷயமும் ஒன்றுதான். லண்டனுக்குப் போன தலைவர்கள் திரும்பி வந்து, கடற்கரைத் திடலில் சுதந்திரத்துக்கு நாள் சொன்ன அன்று, ஊரே அங்கே கூடியிருந்தது. என் வீட்டுக்காரர் தொண்டை கட்டிப்போய் வந்தார். வெள்ளைக்காரன் அவ்வளவு சுலபத்தில் போவானா என்று அதுவரை தினமும் வாதாடிக்கொண்டிருந்தவர் அவர்தான். வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே கத்தினார்.

“பீபிக்! மெர்டேகா கெடைக்கப் போகுது!”

பீபிக் வாழையிலையில் பலகாரம் மடித்துக்கொண்டிருந்தாள். “கெடைக்கப் போகுதா? நான் போன மழைக்கே சொல்லிட்டேனே,” என்றாள். கோழிச் சீக்குக்கும் ஒழுகுகிற கூரைக்கும் நடுவில் அதையும் ஒரு வார்த்தை போட்டுவைத்திருக்கிறாள். என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு நாட்டையே வாங்கிவிட்டாள், என் பிள்ளையின் வாயிலிருந்து ஒரு சொல்லை வாங்க என்னால் முடியவில்லையே என்றிருந்தது.

பிறகு ஒருநாள் காலை, வேலியோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அவள் வேண்டுதலில் என் மகள் பெயர் காதில் விழுந்தது. என் மகளுக்குப் பேச்சு வேண்டும் என்று மலாயில் சொன்னாள். பிறகு கும்பிட்டு, “அம்மா, குடுத்தே!” என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. துணியைப் போட்டுவிட்டு வேலிச் சந்து வழியாக நேரே போய் நின்றேன்.

“பீபிக், அது தப்பு.”

“எது?”

“‘குடுத்தே’ன்னு சொல்லக் கூடாது. ‘குடு’ன்னு சொல்லணும்.”

மலாயில் இந்தத் தொல்லை இல்லை. ‘காசி’ என்று ஒரே சொல். கொடு என்றாலும் அதுதான், கொடுத்தாய் என்றாலும் அதுதான். அவளுடைய அப்பா சாமி கும்பிட்டு முடிக்கும்போது ‘குடுத்தே’ என்பாராம். அவர் வேண்டிச் சொன்னாரோ, நன்றியாகச் சொன்னாரோ, யார் கண்டது? அவளுக்குத் தெரிந்ததெல்லாம், சாமியிடம் எதையும் கேட்டால் கடைசியில் போடுகிற வார்த்தை அது என்பதுதான்.

“குடு,” என்றாள் பீபிக். நாக்கில் வைத்து ருசி பார்க்கிற மாதிரி இன்னொரு தடவை, “குடு.” பிறகு கேட்டாள்: “ரெண்டும் வேற வேறயா?”

“வேறதான். குடுன்னா இன்னும் குடுக்கல, இனிமேதான் குடுக்கணும்னு அர்த்தம். ‘குடுத்தே’ன்னா அம்மன் குடுத்தாச்சு, கைக்கு வந்தாச்சுன்னு அர்த்தம்.”

பீபிக்கின் முகம் தெளிந்துவிட்டது. “அப்ப நான் சொன்னது சரிதானே!” என்றாள். “நீ என்னைப் பயமுறுத்திட்ட லா. இத்தன வருசமா தப்பாச் சொல்லிட்டேனோன்னு பயந்துட்டேன்.” என் கன்னத்தில் செல்லமாகத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஆறாம் வகுப்பு வரை தமிழ் படித்து, இலக்கணத்தில் முதலாவதாக வந்த எனக்கு மூக்கு உடைந்த மாதிரி ஆகிவிட்டது. அம்மனுக்காவது தமிழ் தெரியுமே, பிழையாக வந்த வேண்டுதலைத் தள்ளிவிட மாட்டாளா என்று எதிர்பார்த்தேன். நான் பெற்ற மகளுக்காக அவள் செய்த வேண்டுதல் அது என்பதுகூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு பீபிக் என் மகளிடம் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு மிகவும் எரிச்சலைக் கொடுத்தது. மகள் மத்தியானமானால் வேலிச் சந்தில் நுழைந்து அந்த வீட்டுக்கு ஓடிவிடுவாள். பீபிக் தேங்காய் துருவிக்கொண்டே அவளோடு பேசுவாள், எதிரில் இருப்பவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிற மாதிரி.

“என்ன, இது வேணாமா? சரி, அப்ப அத எடுத்துக்க. பூனையா? அது பாசாருக்குப் போயிருக்கு. ஓகோ, அப்படியா! நேத்து நீ சொல்லவே இல்லையே.”

நான் இந்தப் பக்கம் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். பீபிக்கின் குரல் மட்டும்தான் கேட்கும். ஊமைப் பிள்ளையை வைத்துக்கொண்டு விளையாடுகிறாளே என்று நெஞ்சு பொருமும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“யார்கிட்டத்தான் பேசுறீங்க பீபிக்?”

“ஒம் மககிட்ட,” என்றாள், என்னை ஒரு மாதிரிப் பார்த்து.

கொஞ்ச நாள் பிள்ளையை அங்கே போகவிடாமல் பிடித்துவைத்தேன். வேலிச் சந்தில் உட்கார்ந்துகொண்டு சத்தமில்லாமல் கண்ணீர் விட்டாள். என் மடியில் உட்காரவைத்துப் பதிகம் பாடினால் நெளிவாள். அந்த வீட்டில் பீபிக்கின் பக்கத்தில் மட்டும் சம்மணம் போட்டு, பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்திருப்பாள். சாமிதான் அவள் பக்கம் போய்விட்டதென்றால், பிள்ளையும் போய்விட்டது. கடைசியில் போய்த்தொலை என்று விட்டுவிட்டேன்.

அந்த மத்தியானம் மழை கட்டியிருந்தது. துணியை எடுத்து உள்ளே போட்டுவிட்டு, பிள்ளையைக் கூட்டிவரப் போனேன். பீபிக்கின் சமையல்கட்டில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. நான் வாசற்படிக்கு வருவதற்குள் இன்னொரு சத்தமும் கேட்டது.

“லாகி.”

சின்னக் குரல், கொஞ்சம் கரகரப்பாக. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏதோ வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் அங்கே வேறு யாரும் இல்லை. என் மகள் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். பீபிக் தலையைத் தூக்கிப் பார்க்காமலே சட்டியிலிருந்து ஒரு குவே பலகாரத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். லாகி என்றால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம்.

நான் எப்படி உள்ளே ஓடினேன் என்று தெரியாது. பிள்ளையை வாரிக் கட்டிக்கொண்டு கதறினேன். துருவிய தேங்காயெல்லாம் என் சேலையில்.

“மெதுவா, மெதுவா! குவே சுடுது, பிள்ள கையில பட்டுறப் போகுது,” என்றாள் பீபிக்.

“பேசிட்டா பீபிக்! எம் மக பேசிட்டா!”

“ஆமா. மூணாவது குவே. வயித்த வலிக்கப் போகுது.”

அவள் குரலில் இருந்த சாதாரணம் என்னை நிமிர வைத்தது. “இதுக்கு முன்னாடியும் பேசினாளா?”

“பேசினாளே.”

“எப்பலேருந்து?”

பீபிக் யோசித்தாள். “ஆடு குட்டி போட்டதே, அன்னிலேருந்து. குட்டியப் பாத்துட்டுத்தான் மொதல்ல பேசினா.”

அந்தக் குட்டிகள் அதற்குள் வளர்ந்து வேலி தாண்டித் துள்ளிக்கொண்டிருந்தன. என் செம்பருத்தியில் பாதியைத் தின்றும் விட்டிருந்தன. அத்தனை நாளாக என் மகள் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள், ஒரு வேலிக்கு அந்தப் பக்கம், நான் விரதமிருந்துகொண்டிருக்கும்போது.

“ஏன் எங்கிட்ட சொல்லல?” என்று கத்தினேன். “பெத்தவ நான் இங்கதான இருக்கேன்? ஏன் பீபிக் சொல்லல?”

பீபிக் உண்மையிலேயே திகைத்துப் போனாள்.

“ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்! நீ எவ்வளவு கும்புடுற. காலைல, சாயந்தரம், பாட்டெல்லாம் பாடி. நான் ஒரு தடவ சொன்னதுக்கே எங்கிட்ட இவ்வளவு பேசுறாளே, ஒங்கிட்ட எவ்வளவு பேசுவாள்னு நெனச்சேன்.” பிறகு தயங்கிக்கொண்டே, “வீட்டுல பேசலையா?” என்று கேட்டாள்.

அந்த முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு சட்டையைக்கூடக் கழற்றாமல் பிள்ளைக்கு முன்னால் மண்டியிட்டு, “அப்பா சொல்லு, எங்க, அப்பா சொல்லு” என்று தொடங்கினார். நானும் பக்கத்தில் மண்டியிட்டேன். “அம்மா சொல்லு தங்கம், அம்மா.” இரண்டு பேரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் எழுந்து, முகம் கழுவப் போகிறேன் என்று கொல்லைப்பக்கம் போய்விட்டார். ரொம்ப நேரம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

இத்தனை வருஷமாக நான் அந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது உறைத்தது. சோறு ஊட்டும்போதும், தலை சீவும்போதும், தூங்கும்போதும் அந்த வாயைத்தான். பீபிக் ஒரு தடவைகூடப் பார்த்து நான் கண்டதில்லை. அவள் பாட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

தட்டில் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றிப் பிள்ளைக்கு முன்னால் வைத்தேன். வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அதைப்போலக் கஷ்டமான காரியத்தை நான் எந்த விரதத்திலும் செய்ததில்லை. கழுத்து தானாகப் பின்னால் திரும்பப் பார்க்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, வெறும் அடுப்பில் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் சோற்றைப் பிசைகிற சத்தம் கேட்டது. ஒரு வாய் போயிருக்கும். பிறகு ஒன்றும் இல்லை.

“தாக் செடாப்,” என்றது அந்தக் கரகரத்த குரல்.

நன்றாகவே இல்லை, என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரர் ஈர முகத்தோடு கொல்லையிலிருந்து ஓடிவந்தார். “என்னா சொன்னா? என்னா சொன்னா?”

“சாப்பாடு நல்லால்லியாம்,” என்றேன்.

என் மகள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. தமிழில்லை, மலாய். அதுவும் அந்த வீட்டுச் சமையலைச் சாப்பிட்டுப் பழகிய நாக்கு சொன்ன குறை. வயிறு எரிந்தது. எரிய எரிய அழுதேன், அழுதுகொண்டே அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

உப்பே போடவில்லை.